இரண்டு தரம் செத்த பூர்வகுடித் தலைவர்

கிழக்கு லண்டன் தமிழ்ப் பெருமன்றத்தில் ஒருவரின் பெறுமதியைக் கணிக்க அவருடைய படிப்பையோ குணத்தையோ யாரும் பார்ப்பதில்லை. எந்த ஆண்டு லண்டனில் வந்து இறங்கினார் என்று மட்டும் கேட்பார்கள். எழுபதுக்கு முன்னர் வந்தவருக்கு முன்வரிசைக் கதிரை, பொன்னாடை, மைக். அதன் பிறகு வந்தவருக்கு இரண்டாம் வரிசையும் நன்றியுரையில் ஒரு பெயரும். எண்பத்துமூன்று ஆடிக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கதிரைகளை அடுக்கி எடுக்கிற வேலை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த யாப்பு ஒன்றும் மன்றத்தில் இருந்தது. தடித்த சட்டவிதிப் புத்தகம். உதவி கேட்டு யாராவது வந்தால் மட்டும் அதை அலமாரியிலிருந்து எடுப்பார்கள்.

குலசேகரம் எண்பத்தொன்பதில் வந்தவர். இரவில் இல்ஃபோர்ட்டில் பெற்றோல் செட் ஷிப்ட். பகலில் மனோர் பார்க்கில் நாலு பேர் இருக்கிற ஓர் அறையில், வேலைக்குப் போனவனுடைய கட்டிலில் நித்திரை. சனிக்கிழமைகளில் மன்றத்துக்குப் போய்க் கதிரை அடுக்குவார். யாரும் நன்றி சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு புரட்டாதியில் அவருக்கு மன்றம் தேவைப்பட்டது.

அவருடைய தம்பி சிவானந்தன் ஏஜென்ட் சொன்னபடி பாஸ்போட்டைக் கிழித்துப் பிளேன் கக்கூசில் போட்டுவிட்டு வந்து இறங்கியிருந்தான். விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அகதிக் கேஸ் தள்ளுபடி. ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை இரவுப் பிளேனில் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவதாக முடிவு. கொழும்பில் இறங்குகிற யாழ்ப்பாணத்து இளந்தாரிக்கு என்ன நடக்கும் என்று குலசேகரத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்களுடைய மூத்த அண்ணனைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனபோதுதான் கடைசியாகக் கண்டார்கள். இலவசமாக வழக்குப் பார்க்கிற வெள்ளைக்கார வக்கீல் அம்மா போனில் மன்றாடி ஒரு வழி எடுத்துக் கொடுத்தாள். சொந்த வீடும் பிரிட்டிஷ் பாஸ்போட்டும் உள்ள ஒருவர் அந்தச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு முன்னர் நேரில் வந்து பிணை நின்றால், பயணத்தை நிறுத்தி, பெடியனை வெளியே விட்டு, கேஸைத் திரும்பப் பார்ப்பார்கள்.

குலசேகரத்தின் சிநேகிதர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஒருவனுக்கும் சொந்தக் கட்டில்கூட இல்லை.

அதனால் அவர் மன்றத் தலைவர் டொக்டர் பரமேஸ்வரனிடம் போனார். டொக்டர் அறுபத்தாறில் வந்தவர். தென் லண்டனில் சட்டனில் பெரிய வீடு, வொல்வோ கார். கிழக்கு லண்டன்காரருக்குத் தலைமை தாங்கத் தெற்கிலிருந்து ஆள் வரவேண்டியிருப்பது கிழக்கின் துரதிர்ஷ்டம் என்று அவரே மேடைகளில் சொல்லுவார். குலசேகரம் சொன்னதை டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நாங்கள் வந்தது வேறை, நீங்கள் வாறது வேறை. நான் வந்து இறங்கேக்கை ஒருத்தன் கதவைத் திறந்துவிட்டு குட் மோர்னிங் சேர் எண்டவன். நீங்கள் எல்லாரும் வந்து தட்டித்தட்டி அந்தக் கதவுக்கே அலுத்துப்போச்சு. எண்டாலும் நான் வாறன். ஆனால் யாப்பின்படி கொமிட்டி தீர்மானம் எடுக்கவேணும்."

கொமிட்டி கூடியது. சிவானந்தன் என்ற பெயருக்கு 'ன்' எத்தனை, 'ண்' எத்தனை என்று பார்த்து, இந்த இளைஞனுக்குத் தலைவர் பிணை நிற்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தார்கள். செயலாளர் றெஜினோல்ட் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தார். குலசேகரம் அழுதுவிட்டார். பிறகுதான் அந்தச் சனிக்கிழமை மன்றத்தின் பெருவிழா என்ற நினைவு எல்லாருக்கும் வந்தது.

கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கி ஐந்நூறு ஆண்டு. கவுன்சில் எல்லாச் சமூகத்தையும் ஏதாவது செய்யச் சொல்லியிருந்தது. மேயர் அம்மா நேரில் வருவதாகவும் பேச்சு. சென்னையிலிருந்து வந்து வங்கியில் பெரிய வேலையில் இருந்த சேஷாத்ரி, 'கடல் கடந்த செம்மல்கள்' என்று ஒரு நாடகம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கிலேயர்கள் கப்பலேறி அமெரிக்காவில் போய்க் குடியேறிய கதை. கொலம்பஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அவர் ஸ்பெயின்லேர்ந்து போனவர் சார். இவங்க நம்ம தேம்ஸ்லேர்ந்து கிளம்பினவங்க. நம்ம ஏரியா" என்றார். கொமிட்டிக்கு அந்த 'நம்ம' மிகவும் பிடித்துப்போனது.

பாத்திரங்களைப் பங்கிடுவதில் கரைச்சல் வரவில்லை. அறுபதுகளில் வந்தவர்கள் கப்பலில் வருகிற கனவான்கள். டொக்டர் ஆளுநர். எழுபதுகளில் வந்தவர்கள் மாலுமிகள். எண்பத்துமூன்றுக்குப் பிறகு வந்தவர்கள் கரையில் நிற்கிற பூர்வகுடிகள். குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைகளை ஒட்டிச் செய்த கப்பலில் ஆறு பேர்தான் நிற்க ஏலும். ஏற வந்தவர்கள் இருபத்தொன்பது பேர். கரையில் நிற்க ஐந்து பேர்கூடத் தேறவில்லை. பூர்வகுடித் தலைவர் வேடத்துக்கு ஒருவரும் இல்லை, ஏனென்றால் தலைவர் மேல்சட்டை இல்லாமல் நிற்கவேண்டும், கடைசியில் சாகவும் வேண்டும்.

டொக்டர் குலசேகரத்தைப் பார்த்தார். விழா இரண்டு மணிக்கு முடிந்துவிடும், முடிந்த கையோடு காரில் ஏறினால் நாலு மணிக்கு விமான நிலையம், இடையில் ஒரு தேத்தண்ணியும் குடிக்கலாம் என்றார். குலசேகரம் ஓம் என்றார். வேறு என்ன சொல்லுவார்?

ஒத்திகையில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வசனம். கப்பலால் இறங்குகிற ஆளுநர் கையை விரித்து, "தலைவரே, எங்கள் நாட்டில் எங்களுக்கு வாழ வழியில்லை. கடல் கடந்து வந்துவிட்டோம். நாங்கள் யார் என்று கேட்காதீர், எப்போது திரும்பிப் போவோம் என்றும் கேட்காதீர்" என்பார். தலைவர் ஒரு கூடை சோளத்தை நீட்டி, "வாருங்கள், இது உங்கள் வீடு, விரும்பும்மட்டும் இருங்கள்" என்று சொல்லவேண்டும். குலசேகரம் அதைச் சொன்னபோதெல்லாம் டொக்டருக்குத் திருப்தி வரவில்லை. கை நீளுகிறது, ஆனால் முகத்தில் சந்தோஷம் காணாது என்றார். எங்கோ கிடந்து வருகிறவனை வீட்டுக்குள் விடுகிறவனுக்கு எவ்வளவு பூரிப்பு இருக்கவேண்டும் என்று தானே நடித்துக் காட்டினார். மிக நன்றாக நடித்தார்.

தலைவர் ஏன் சாகிறார் என்று ஒருநாள் குலசேகரம் கேட்டார். வந்தவர்கள் கொண்டுவந்த காய்ச்சல் என்றார் சேஷாத்ரி, அது சரித்திரம். கொமிட்டி கொதித்தெழுந்தது. ஒரு டொக்டர் வருகிற கப்பலில் எப்படிக் காய்ச்சல் வரும்? கனவான்கள் நோய் காவிக்கொண்டு வந்ததாகக் காட்டினால் மேயர் என்ன நினைப்பார்? நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, நிலத்தைக் கொடுத்த மனநிறைவில் தலைவர் தானாகவே இறந்துபோகிறார் என்று மாற்றினார்கள். உயிரோடு இருந்தால் பிறகு எல்லைப் பிரச்சினை வரும் என்றார் கணக்காளர் ஒருவர்.

சனிக்கிழமை வந்தது. தம்பிக்கென்று வாங்கிய ஒரு தடித்த ஜேர்சியைப் பையில் போட்டு, நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று காலையிலேயே வொல்வோவின் டிக்கியில் வைத்தார் குலசேகரம். வக்கீல் அம்மா போனில், பெடியனுக்குச் சொல்லிவிட்டேன், வாசலைப் பார்த்தபடி இருக்கிறான் என்றாள்.

பத்து மணிக்கு என்று அச்சடித்த விழாவுக்கு முதல் ஆள் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அவர் நேரத்தைப் பிழையாகப் பார்த்துவிட்டு முந்தி வந்தவர். மங்கள விளக்கில் ஐந்து திரி, ஏற்றுவதற்கு அழைக்கப்பட்ட பிரமுகர்கள் பதினொரு பேர். ஒருவர் ஏற்றியதை அணைத்து மற்றவர் ஏற்ற, புகை மண்டி, பள்ளிக்கூட மண்டபத்தின் நெருப்பு அலாரம் அடிக்கத் தொடங்கியது. சட்டப்படி எல்லாரும் தெருவுக்குப் போகவேண்டும். ஒக்ரோபர்க் குளிரில் பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் ஒருபக்கம், வெறும் மேலோடு பூர்வகுடிகள் ஐந்து பேர் மறுபக்கம். அவர்கள் தலையில் காவடியிலிருந்து கழற்றிய மயிலிறகு, நெற்றியிலும் நெஞ்சிலும் மஞ்சளும் குங்குமமும். போன பஸ் ஒன்று அவர்களுக்காகவே நின்று பார்த்துவிட்டுப் போனது. தீயணைப்பு வண்டி வந்து, திரிகளைப் பார்த்து, புத்திமதி சொல்லிப் போனபிறகு தலைமையுரை. 'அறிமுகம் தேவையில்லாதவர்' என்று ஒவ்வொருவரையும் கால்மணி நேரம் அறிமுகப்படுத்தினார்கள். எழுபதுக்கு முன் வந்த எல்லாருக்கும் பொன்னாடை. போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் திருப்பிப் போர்த்தினார்.

குலசேகரம் திரைக்குப் பின்னால் நின்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு ஒரு போன் எடுத்து, வருகிறோம், கொஞ்சம் பிந்தும் என்று சொல்ல ஏலுமா என்று றெஜினோல்டைக் கேட்டார். வெளித்தொடர்பு எல்லாம் செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்த பிறகுதான் என்றார் றெஜினோல்ட். செயலாளர் நீங்கள்தானே என்றார் குலசேகரம். "அதாலைதான் சொல்லுறன், எழுத்திலை தாரும்" என்றார் அவர்.

நாடகம் மூன்றரைக்குத் தொடங்கியது. இருபத்தொன்பது கனவான்களும் கப்பலில் ஏறியதில் கப்பல் நடுக்கடலில் கிழிந்தது. அதனால் ஆங்கிலேயர்கள் மேடைக்கு நடந்தே வந்தார்கள். டொக்டரின் கழுத்தில் அவர் மனைவி தவநாயகி யன்னல் திரையை வெட்டித் தைத்த லேஸ் கொலர். சோளத்தைக் கனவான்கள் காத்திருந்த நேரத்தில் அவித்துத் தின்றுவிட்டார்கள். கூடையில் வடை இருந்தது. குலசேகரம் வடையை நீட்டி, தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டு, "வாருங்கள், இது உங்கள் வீடு, விரும்பும்மட்டும் இருங்கள்" என்றார். குரல் உடைந்தது. சபை கைதட்டியது. கனவான்கள் இருபத்தொன்பது பேரும் மேடையிலேயே இருந்து வடையைத் தின்று, சிலர் சம்பல் கேட்டு, முடித்தபிறகு தலைவர் மனநிறைவோடு விழுந்து செத்தார். நேரம் அப்போதும் கைவிட்டுப் போகவில்லை. இந்த நிமிடம் புறப்பட்டால் பிடிக்கலாம்.

அவர் எழும்பப்போன நேரம் வாசலில் ஆரவாரம். மேயர் அம்மா வந்துவிட்டார், கழுத்தில் பொற்சங்கிலியோடு. அவர் முக்கியமான கட்டத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று கொமிட்டி அந்த இடத்திலேயே கூடி ஆராய்ந்து, நாடகத்தைக் கப்பல் புறப்படுகிற இடத்திலிருந்து திரும்ப நடத்துவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. குலசேகரம் ஆளுநரின் கையைப் பிடித்தார். தம்பியின் நேரம் போகிறது, இனி ஒருதரம் எப்படி என்று கெஞ்சினார். டொக்டர் அவருடைய கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். மேயர் சந்தோஷப்பட்டால் உம்முடைய தம்பியைப் பற்றி அவவிடமே ஒரு வார்த்தை சொல்லலாம், ஓடிப்போய்க் கரையில் நில்லும் என்றார்.

குலசேகரம் போய்க் கரையில் நின்றார். திரும்பக் கையை நீட்டினார், திரும்ப வரவேற்றார். மேயர் அம்மா பார்ப்பதற்காக வடையைத் திரும்பத் தின்றார்கள். அவர் திரும்ப விழுந்து செத்தார்.

இந்த முறை அவரை எழும்பவிடவில்லை. பின்னால் ஒரு பிணம் கிடந்தால் உருக்கமாக இருக்கும் என்பதால் டொக்டர் அந்த இடத்திலேயே சிறப்புரையைத் தொடங்கினார். அவருடைய சப்பாத்து குலசேகரத்தின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இந்தத் தலைவர் ஒரு கேள்வி கேட்டாரா? பாஸ்போட் எங்கே என்று கேட்டாரா? யார் உனக்குப் பிணை என்று கேட்டாரா? கதவைத் திறந்தார், சோளம் கொடுத்தார், குறுக்கே நிற்காமல் செத்தும் கொடுத்தார். இதல்லவா பண்பாடு! அப்படி ஒரு மனிதரை இன்றைக்கு லண்டனில் காண ஏலுமா? ஆனால் சபையோரே, எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. அப்போது போனவர்கள் ஒழுங்கானவர்கள். கப்பலில், கொலர் வைத்த சட்டையோடு போனார்கள். இப்போது வருகிற எங்கடை பிள்ளைகள் செருப்போடு வந்து இறங்குதுகள். என்னைப் பார்க்கிற வெள்ளைக்காரன் என்னையும் அவங்களோடை சேர்த்து நினைச்சால், நான் அறுபத்தாறிலை வந்ததுக்கு என்ன அர்த்தம்?"

சபை பலமாகக் கைதட்டியது. கைதட்டலுக்குள் குலசேகரம் உதட்டை அசைக்காமல் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்.

"டொக்டர், நேரம் போகுது."

டொக்டர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"செத்தவர் கதைக்கக்கூடாது தம்பி."

மேயர் அம்மா பேசினார். ஒன்றும் விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கியது, இந்த நகரம் வருகிறவர்களை எல்லாம் அணைக்கிற நகரம் என்றார். சேஷாத்ரி அதை மூன்று மடங்கு நீளத்தில் மொழிபெயர்த்தார். பிறகு றெஜினோல்ட், மறைந்துபோன அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்தார். மண்டபம் எழும்பி நின்றது. மேடையில் குலசேகரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. வாசலைப் பார்த்தபடி இருக்கிற சிவானந்தன் மூடிய கண்ணுக்குள் வந்தான். கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து மஞ்சளைக் கரைத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா, நடிப்பெண்டால் இது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அஞ்சலி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்கு மன்றத்தில் நேரத்துக்கு முடிந்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு குழுப்படம். பிணத்தோடு ஒருதரம், பிணம் இல்லாமல் ஒருதரம். படத்துக்குப் பிறகு டொக்டர் தன் தோளிலிருந்த பொன்னாடைகளில் மலிவான ஒன்றைக் குலசேகரத்துக்குப் போர்த்தி, நான் சொன்னால் சொன்னதுதான், வாரும் போவம் என்றார். உடுப்பு மாற்றுகிற அறையைப் பூட்டிய றெஜினோல்ட் திறப்போடு மேயரின் விருந்துக்குப் போய்விட்டார். குலசேகரத்தின் சட்டை, காற்சட்டை, அதன் பொக்கற்றில் இருந்த, அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்பதற்கு ஒரே அத்தாட்சியான ஹோம் ஒபிஸ் கடிதம் எல்லாம் உள்ளே. தேடிக்கொண்டு நிற்க நேரமில்லை. மயிலிறகும் மஞ்சளும் பொன்னாடையுமாகக் காரில் ஏறினார்.

டொக்டர் சட்டத்தை மதிக்கிறவர். வேகக் கட்டுப்பாட்டை ஒரு மைல்கூட மீறவில்லை. வழியில் பெற்றோலும் அடித்தார்.

விமான நிலையத்துக் குடிவரவுக் கவுண்டரில் இருந்தவன் இளம் பெடியன், மரியாதையானவன். எட்டரை ஆகிவிட்டது. ஏழு மணிவரை ஒருவரும் வராததால் அந்த ஆளைப் பிளேனில் ஏற்றிவிட்டோம் என்றான். பிளேன் இன்னும் வெளிக்கிடவில்லை, ஆனால் கதவு பூட்டியாகிவிட்டது, பூட்டின கதவைத் தன்னால் திறப்பிக்க இயலாது என்றான். அழவில்லை, கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே போனார் என்றும் சொன்னான். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

குலசேகரம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டர் லேஸ் கொலரைச் சரிப்படுத்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு சிறிய உரை ஆற்றினார். தாம் அறுபத்தாறில் வந்தது, மன்றத்தின் வரலாறு, அன்றைக்கு மேயர் வந்தது. பெடியன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, பொன்னாடைக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற குலசேகரத்தை மேலும் கீழும் பார்த்தான். மயிலிறகில் அவன் கண் கொஞ்ச நேரம் நின்றது. உங்களுடைய கடிதத்தைக் காட்டுங்கள் என்றான்.

கடிதம் விழா மண்டபத்தில் பூட்டின அறைக்குள் இருந்தது. குலசேகரம் டொக்டரைப் பார்த்தார். பெடியனும் டொக்டரைப் பார்த்து, இவரை உங்களுக்குத் தெரியுமா, இவர் யார் என்று உறுதி சொல்வீர்களா என்று கேட்டான். ஒரு ஓம் போதும். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம்.

டொக்டர் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். அவர் மனச்சாட்சி உள்ளவர். பிறகு குலசேகரத்தின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"குறை நினைக்காதேயும். கொமிட்டி தீர்மானம் எடுத்தது உம்மடை தம்பிக்குத்தான். உமக்கு எண்டு ஒரு தீர்மானமும் இல்லை. அடுத்த கூட்டத்திலை வைப்பம்."

பெடியனிடம் ஆங்கிலத்தில், இவர் எங்கள் நாடகத்தில் நடித்தவர், அதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகாரம் இல்லை என்றார். டிக்கியைத் திறந்து பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பொன்னாடை உமக்கேதான், வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, மேயரின் விருந்து முடிவதற்குள் போய்ச்சேர வெளிக்கிட்டார்.

குலசேகரத்தை உள்ளே கூட்டிப்போய் ஓர் அறையில் இருத்தினார்கள். திங்கட்கிழமை வக்கீல் அம்மா வரும்வரை அங்கேதான். சுவரோடு ஒரு கதிரை, வாசலைப் பார்த்தபடி போட்டிருந்தது. யார் அப்படி இழுத்துப் போட்டது என்று அவர் கேட்கவில்லை. பையைத் திறந்து, தம்பிக்கு வாங்கிய ஜேர்சியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தார்.